தலைக்கவசமும் மெய்ப்பாடும்: ‘டிரெட்’ திரைப்படத்திற்கு எழுந்த எதிர்வினைகள்

வசூலில் தோற்ற படத்தைப் பார்வையாளர் வெறுத்த படம் எனக் கொள்வது திரைப்படத் திறனாய்வில் வேரூன்றிவிட்ட பழக்கம். விற்பனையாகாத நூலைத் தரமற்ற நூல் என்று இலக்கிய ஆய்வாளர் எவரும் எழுதுவதில்லை. திரைப்படத்தைக் குறித்து எழுதும்போது மட்டும் வசூல் தொகை பார்வையாளர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ‘டிரெட்’ என்னும் ஆங்கிலப் படம் இப்பழக்கத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்றதொரு சான்று. சித்திரக்கதையொன்றைத் தழுவிய, கடும் வன்முறைக் காட்சிகள் நிறைந்த படம் அது. ஏறத்தாழ 4.5 கோடி டாலர் செலவில் உருவானதாகக் கூறப்படும் அப்படம் உலகெங்கும் ஈட்டியது 4.1 கோடி டாலர் அளவே. திரையரங்குகளின் பங்கைக் கழித்தால் தயாரித்தோர் கைக்கு வந்தது அதனினும் மிகக் குறைவு. வட அமெரிக்காவில் கிடைத்தது 1.34 கோடி டாலர். ‘மக்கள் ஏற்கவில்லை’ என்று அப்போது எழுதினர். 2013 சனவரியில் அதே படம் டிவிடி, புளூரே வட்டுகளாகவும் இணையவழிப் படிகளாகவும் வந்தபோது வட அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே பல இலட்சம் படிகள் விற்றன. ‘மக்கள் கொண்டாடுகின்றனர்’ என்று இப்போது எழுதினர். நான்கு மாத இடைவெளியில் படத்தின் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. ஆகவே இரு கூற்றுகளிலும் வரும் ‘மக்கள்’ யாவர் என்பதே முதலில் கேட்கத்தக்க வினா.

மூலத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ‘ஜட்ஜ் டிரெட்’ என்னும் பாத்திரம் 1977 மார்ச்சில் ‘2000 ஏ.டி.’ என்ற ஆங்கில வார இதழின் இரண்டாம் இதழில் தோன்றியது. எழுத்தாளர் ஜான் வாக்னர், ஓவியர் கார்லோஸ் எஸ்குவேரா ஆகியோர் படைத்தது. அணுப்போரால் பாழான எதிர்கால அமெரிக்காவில், கோடிக்கணக்கானோர் அடைந்து வாழும் ‘மெகாசிட்டி ஒன்று’ என்னும் நகரம் கதைக்களம். அங்கே காவலரும் நீதிபதியும் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவரும் ஒருவரே. பிடித்த இடத்திலேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு, அங்கேயே தண்டனை. இந்நீதிபதிகளுள் தலைசிறந்தவன் டிரெட். அவன் தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை. வாசகன் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அரை நூற்றாண்டை நெருங்கும் தொடர் இம்மரபைப் பெரிதும் காத்துவந்துள்ளது. தமிழ் வாசகருக்கு இப்பாத்திரம் பெரிதும் அறிமுகமில்லாததாகலாம். ஆனால் 1972இல் முத்து காமிக்ஸ் வழியே சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவி, டிரெட்டுக்கு முந்தைய தலைமுறையின் ஆங்கில வார இதழ்களில் பிறந்தவனே என்பதை இங்கு நினைவுகூரலாம். மாயாவியைப் போன்ற வீரர்களைப் படித்து வளர்ந்த தலைமுறை, அவ்வீரர்களையே எள்ளத் தொடங்கிய காலத்தில் உருவானவன் டிரெட். அவன் வீரன் போலத் தோன்றுவான். அவனை வியக்கும் வாசகனைக் கதை கேலி செய்யும். இந்த இரட்டைத்தன்மையே அத்தொடரின் உயிர்.

இதனைத் திரைக்குக் கொண்டுவரும் முதல் முயற்சி 1995இல் நடந்தது. டேனி கேனன் இயக்க, சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்த அப்படத்தில் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தலைக்கவசம் கழன்றுவிடுகிறது. பெருநடிகரின் முகத்தை மறைத்துப் படமெடுக்க எவரும் துணியவில்லை போலும். நகைச்சுவைத் துணைவன் ஒருவனும் சேர்க்கப்பட்டான். 9 கோடி டாலர் செலவான அப்படம் அமெரிக்காவில் ஈட்டியது 3.5 கோடி அளவே. மூலக்கதையின் படைப்பாளரான வாக்னரும் அப்படத்தை ஏற்கவில்லை.

ஏற்புக் கோட்பாட்டை வகுத்தவருள் ஒருவரான ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ என்ற கருத்தை முன்வைத்தார். வாசகன் வெற்று மனத்துடன் படைப்பை அணுகுவதில்லை; முன்னர்ப் படித்தவை அவனுக்கு ஓர் அடிவானத்தை வரைந்து வைத்திருக்கின்றன; புதிய படைப்பு அதனோடு பொருந்தியோ மோதியோ பொருள்படுகிறது என்பது அதன் சாரம். டிரெட் படத்தின் வரவேற்பில் இக்கருத்து ஏறக்குறைய ஆய்வுக்கூடச் சோதனை போல நிகழ்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2012 செப்டம்பர் 7இல் வெளியான படம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் எனச் சான்றளிக்கப்பட்டிருந்தும், முதல் வார இறுதியில் வசூலில் முதலிடம் பெற்றது. இரு வாரங்கள் கழித்துச் செப்டம்பர் 21இல் அமெரிக்காவில் 2,500 அரங்குகளில் வெளியானபோது முதல் மூன்று நாளில் கிடைத்தது 63 இலட்சம் டாலர், அதாவது அரங்கு ஒன்றுக்கு 2,500 டாலர். கூடுதல் விலையுள்ள முப்பரிமாண நுழைவுச்சீட்டைக் கணக்கிட்டால், ஓர் அரங்கில் ஒரு நாளைக்கு நூறு பேர்கூட வரவில்லை என்றாகிறது. படம் ஒன்றே; அடிவானங்கள் இரண்டு. ஆங்கிலேயருக்கு டிரெட் என்பது முப்பத்தைந்தாண்டுக் கால வார இதழின் நினைவு. அமெரிக்கப் பொதுப் பார்வையாளருக்கு அப்பெயர் 1995ஆம் ஆண்டுப் படத்தின் நினைவு.

எனவே அமெரிக்க வசூலைப் படத்திற்கான எதிர்வினை என்பது பொருந்தாது. அது படத்தைப் பாராதோரின் எதிர்வினை. பெயருக்கும், சான்றிதழுக்கும், சீட்டின் விலைக்கும், சுவரொட்டிக்கும் அவர்கள் அளித்த விடை அது. பெரும்பாலான அரங்குகளில் முப்பரிமாணத்தில் மட்டுமே திரையிடப்பட்டமையும் இதனுடன் சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ‘தி அவெஞ்சர்ஸ்’, சூலையில் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ எனச் சித்திரக்கதைத் தழுவல்கள் இரண்டு தலைக்கு நூறு கோடி டாலரைத் தாண்டியிருந்தன. இரண்டும் சிறுவரும் பெற்றோரும் சேர்ந்து காணத்தக்கவை. மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான ‘தி ரெய்டு’ என்ற இந்தோனேசியப் படத்தின் கதையமைப்பும் டிரெட்டின் கதையமைப்பும் வியப்பூட்டும் வகையில் ஒத்திருந்தன. இரண்டிலும் காவலர் அடுக்குமாடிக் கட்டடமொன்றில் சிக்கி, தளம் தளமாகப் போரிட்டு மேலேறுகின்றனர். டிரெட்டின் படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவில் 2010 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் திரைக்கு வந்த வரிசையை மட்டும் அறிந்த பார்வையாளர் அதனை நகல் என்றே பேசினர். முந்தி எழுதப்பட்டதைவிட முந்திப் படிக்கப்பட்டதே மூலமாகத் தோன்றும் என்பதற்கு இலக்கிய வரலாற்றிலும் சான்றுகள் உண்டு.

இருப்பினும் இவ்வாதத்தை அளவுக்கு மீறி நீட்டலாகாது. படத்தின் அன்பர்கள் நீட்டுகின்றனர். விளம்பரம் சரியில்லை, பழைய படம் கெடுத்துவிட்டது, முப்பரிமாணம் விரட்டிவிட்டது. ஆதலால் படத்தின் மீது குற்றமேயில்லை என்பது அவர்தம் வழக்கு. ஆனால் இரண்டாம் வார இறுதியில் அமெரிக்க வசூல் பாதிக்கும் கீழே சரிந்தது. முதல் வாரம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களை அழைத்துவரவில்லை என்பதே இதன் பொருள். இதழ்களில் எழுதிய திறனாய்வாளருள் பெரும்பான்மையோர் படத்தைப் பாராட்டியிருந்தும் அப்பாராட்டு அரங்கை நிரப்பவில்லை. பார்த்தவர் உள்ளத்தில் நிகழ்ந்தது எளிதில் பிறருக்கு எடுத்துச் சொல்லத்தக்கதாக இல்லை என்று கருத இடமுண்டு. அது யாது என்பதற்கு விடை படத்தினுள்தான் உள்ளது. வணிகச் செய்திகளில் இல்லை.

சட்டமும் கள்வரும் ஒரே கட்டடத்தில்

படத்தின் கதை சிறியது. எண்பது கோடி மக்கள் வாழும் நகரில் நாளொன்றுக்குப் பதினேழாயிரம் கடுங்குற்றங்கள் நடக்கின்றன. நீதிபதிகளால் கவனிக்க முடிவது அவற்றுள் நூற்றுக்கு ஆறு. இப்புள்ளிவிவரத்தை டிரெட்டே கூறுகிறான். ‘பீச் ட்ரீஸ்’ என்னும் இருநூறு மாடிக் குடியிருப்பில், தோலுரித்து மேல்தளத்திலிருந்து எறியப்பட்ட மூவரின் கொலையை விசாரிக்க அவனும், பயிற்சி நிலையிலுள்ள ஆண்டர்சன் என்னும் இளம்பெண்ணும் செல்கின்றனர். கட்டடத்தை ஆள்பவள் ‘மா-மா’. தமிழ் வாசகருக்கு வேறோர் உறவுமுறையை நினைவூட்டும் இப்பெயர் மேடலின் மாட்ரிகல் என்பதன் சுருக்கம். அவள் கட்டடத்தின் கதவுகளனைத்தையும் அடைத்து, நீதிபதிகள் இருவரையும் கொல்லும்படி ஒலிபெருக்கியில் ஆணையிடுகிறாள். எஞ்சியது போர். தொண்ணூற்றைந்து நிமிடத்தில் முடிகிறது. அலெக்ஸ் கார்லண்ட் எழுதி, பீட் டிராவிஸ் இயக்கியதாகத் தலைப்பில் உள்ளது. உண்மையில் இயக்கியவர் கார்லண்டே என்று டிரெட்டாக நடித்த கார்ல் அர்பன் 2018இல் கூறினார்.

இப்படத்தைக் கண்டோரின் எதிர்வினைகளை வன்முறையின் அளவு கொண்டு விளக்குவதே வழக்கம். ‘மிகுதி’ என்றனர் சிலர்; ‘இவ்வளவு வேண்டும்’ என்றனர் சிலர். அளவு ஒரு விளக்கமாகாது. 2008இல் வெளியான ‘தி பனிஷர்: வார் சோன்’ இதனினும் குருதி மிக்க சித்திரக்கதைத் தழுவல், 3.5 கோடி டாலர் செலவுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஈட்டி வீழ்ந்தது. 2016இல் வந்த ‘டெட்பூல்’ உறுப்பறைக்குச் சற்றும் குறைவில்லாத படம். 75 கோடிக்கு மேல் ஈட்டியது. மறு ஆண்டு வந்த ‘லோகன்’ 60 கோடியைத் தாண்டியது. வயதுவந்தோருக்கான சித்திரக்கதைப் படம் விலை போகாது என்ற கருத்து டிரெட்டின் தோல்விக்குப் பின் உரக்கப் பேசப்பட்டு, நான்கே ஆண்டில் பொய்யாயிற்று. எனவே கேட்க வேண்டியது வன்முறை எவ்வளவு என்பதன்று. அது எந்த மெய்ப்பாட்டோடு கூடி வருகிறது என்பதே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டினைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அவற்றுள் அச்சத்திற்குரிய நான்கில் கள்வரும் இறையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. கவர்வோனும் காப்போனும் அச்சத்திற்கு ஒருசேரக் காரணமாவர் என்ற இந்தக் கூர்ந்த நோக்கு, டிரெட் படத்தின் அமைப்பை வேறெந்தக் கோட்பாட்டினும் துல்லியமாக விளக்குகிறது. பீச் ட்ரீஸ் கட்டடத்தில் வாழும் குடிகள் மா-மாவுக்கும் அஞ்சுகின்றனர், டிரெட்டுக்கும் அஞ்சுகின்றனர். வழக்கமான வன்முறைப் படம் பார்வையாளனைக் கள்வர்க்கு அஞ்சுமாறு செய்து, காவலன் வந்ததும் அவ்வச்சத்தைப் பெருமிதமாக மாற்றிக் கொடுக்கும். அம்மாற்றத்தின் கருவி காவலனின் முகம். அவன் சினம், அவன் துயரம், அவன் உறுதி யாவும் முகத்தில் தோன்ற, கண்டோர் அவனோடு ஒன்றுவர்.

டிரெட்டில் அக்கருவி பறிக்கப்பட்டிருக்கிறது. அச்சமுற்றான் ஒருவனது அச்சம் அவன் உடலின் வழியே வெளிப்பட்டுக் காண்போருக்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் தரும் விளக்கத்தின் சாரம். புலப்படும் வாயிலை அடைத்துவிட்டால் என்னாகும்? கார்ல் அர்பன் முகத்தில் படம் முழுதும் தெரிவன மூக்கின் கீழ்ப்பகுதியும், கீழ்நோக்கி வளைந்த வாயும், மோவாயும் மட்டுமே. கொல்லும்போதும் குண்டடிபடும்போதும் அவ்வாய் அவ்வாறே இருக்கிறது. பெருமிதம் பிறக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் நிற்கிறது. அவ்வெற்றிடத்தைத் தன் நினைவால் நிரப்ப வல்லவர் யார்? சித்திரக்கதையை முன்பே படித்தவர். அவருக்கு அவ்வாய் முப்பத்தைந்தாண்டு நட்பு. படியாதவருக்கோ அது இறுகிய வாய், அவ்வளவே. கண்டவருள் ஒரு சாரார் மெய்சிலிர்த்ததும் மற்றொரு சாரார் ‘பாத்திர வளர்ச்சி இல்லை’ என்று சலித்ததும் ஒரே உத்தியின் இருவேறு விளைவுகள். இரண்டையும் சரி என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, கொலை காட்டப்படும் முறை. வெகுளியின் நிலைக்களன்களுள் உறுப்பறுத்தலும் கொலையும் இடம்பெறுகின்றன. இப்படத்தில் அவை வெகுளியை எழுப்புவதில்லை. ‘ஸ்லோ-மோ’ என்னும் போதைமருந்தை உட்கொண்டவனுக்குக் காலம் நூறில் ஒரு பங்கு வேகத்தில் நகர்வதாகத் தோன்றும் என்பது கதை. இதனைச் சாக்காகக் கொண்டு ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மாண்டில், நொடிக்கு ஆயிரக்கணக்கான சட்டகங்களைப் பதியும் கருவியால் சில காட்சிகளைப் படமாக்கினார். நீதிபதிகள் போதைக்கூடமொன்றினுள் பாயும் காட்சியில் குண்டு ஒருவன் கன்னத்தைத் துளைக்கிறது. கன்னம் நீரலை போல் மெல்ல எழும்பி விரிகிறது. குருதித்துளிகள் ஒளிபட்டு மிதக்கின்றன. புதுமை காரணமாகப் பிறக்கும் மருட்கை இது. காண்பவன் அருவருக்க வேண்டிய கணத்தில் வியக்கிறான். வியந்ததை உணர்ந்து கூசுகிறான். இக்கூச்சத்தைப் படம் வலிந்தே உண்டாக்குகிறது. ஏனெனில் அக்காட்சியின் கண்கள் போதையுற்றவனின் கண்கள். அரங்கில் இருப்பவன் கொலையுண்பவனின் போதையைத் தானும் பகிர்ந்துகொண்டவனாகிறான். முப்பரிமாணம் வணிக வகையில் படத்திற்குக் கேடாயிருக்கலாம்; இச்சில காட்சிகளில் அது உத்தியின் பகுதி. பின்னர் வீட்டுத் திரையில் பார்த்துப் போற்றியோர் இந்த ஒன்றை மட்டும் இழந்தனர்.

அச்சமும் மருட்கையும் கூடிய இவ்வனுபவத்தைப் பிறருக்கு எப்படிப் பரிந்துரைப்பது? டெட்பூல் பார்த்தவன் அதன் கேலிப்பேச்சைத் திருப்பிச் சொல்லி நண்பனை அழைக்கலாம். லோகன் பார்த்தவன் அழுததைச் சொல்லலாம். ‘ஒருவன் கன்னம் கிழிவது அழகாயிருந்தது’ என்பதைச் சொல்லி எவரையும் அழைக்க இயலாது. மேலும், அவ்வாண்டு சூலை 20இல் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ ஓடிய அரங்கினுள் ஒருவன் சுட்டுப் பன்னிரண்டு பேர் இறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அந்நிகழ்வுக்கும் இவ்வசூலுக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது முறையன்று. ஆனால் துப்பாக்கிக் குண்டின் அழகைப் பேசுதற்கு அப்பருவம் உகந்ததாயில்லை என்ற அளவில் கூறலாம்.

அழுகைக்கு உரியவள்

தலைக்கவசம் அணியாதவள் ஆண்டர்சன். பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றல் அவளுக்குண்டு; கவசம் அதற்குத் தடை என்பது கதைக் காரணம். ஒலிவியா தெர்ல்பி ஏற்ற இப்பாத்திரத்தின் முகமே படத்தின் மெய்ப்பாடனைத்தையும் தாங்குகிறது. போதைக்கூடத்தில் காயமுற்றுக் கிடக்கும் ஒருவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றுமாறு டிரெட் பணிக்கிறான். அவன் இரக்கிறான், அவள் தயங்கிச் சுடுகிறாள். பின்னர்த் துரத்தப்பட்டு ஒரு வீட்டினுள் புகும்போது, கைக்குழந்தையுடன் இருக்கும் பெண்ணொருத்தி அவர்களுக்கு உதவுகிறாள். வெளியேறும் வேளையில் அவ்வீட்டிலுள்ள ஒளிப்படத்தில் தான் கொன்றவனை ஆண்டர்சன் காண்கிறாள். அவன் அப்பெண்ணின் கணவன். அவள் அதைச் சொல்வதில்லை. டிரெட்டுக்கும் சொல்வதில்லை. இழவு காரணமாக எழும் அழுகை இன்னும் தன் இழப்பை அறியாத ஒருத்திக்கு உரியதாகிறது. அதை அறிந்தவள் அதற்குக் காரணமானவள்.

இப்படம் பற்றி எழுந்த பாராட்டுகளில் இக்காட்சி பெற வேண்டிய இடத்தைப் பெறவில்லை. அன்பர்கள் போற்றியது தலைக்கவசம் கழற்றப்படாமையையே. 1995இன் குற்றத்திற்கு 2012 கழுவாய் தேடியது என்ற மகிழ்ச்சி அது. ‘மூலத்திற்கு உண்மையாய் இருத்தல்’ என்ற ஒற்றை அளவுகோல் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. ஆனால் அந்த அளவுகோலைக் கொண்டே அளந்தாலும் படம் முழு மதிப்பெண் பெறாது. முகத்தைக் காத்த படம் நகையைக் கைவிட்டது. மூலக்கதையில் வன்முறை எள்ளலோடு பிணைந்தே வரும். கொழுத்தோர் சங்கமும், அழகற்றோராவதற்கு அறுவைச் சிகிச்சையும், பக்கத்துக் கட்டடங்கள் காரணமின்றி மோதிக்கொள்ளும் பெரும்போரும் அவ்வுலகின் அன்றாட நிகழ்ச்சிகள். நம் பரணி இலக்கியத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் பகுதியில் கோரமும் நகையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். அங்கே நகையை நீக்கினால் எஞ்சுவது பிணக்களம் மட்டுமே. டிரெட் படத்தில் எள்ளல் எஞ்சிய இடங்கள் ஓரிரண்டே. துப்பாக்கிச் சண்டை முடிந்த வணிக வளாகத்தில், உணவுக்கூடம் விரைவில் மீண்டும் திறக்கப்படும் என ஒலிக்கும் அறிவிப்பு ஒன்று. கட்டட வாயிலில் இரந்துகொண்டிருந்தவனை ‘நான் திரும்பி வரும்போது இங்கே இராதே’ என டிரெட் எச்சரித்துச் செல்ல, சற்று நேரத்தில் அடைபடும் பெருங்கதவு அவனை நசுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டாவது காட்சி நொடியில் கடந்துவிடுகிறது. வார இதழாயின் அவனுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கும்.

இது சுவை வேறுபாடு மட்டுமன்று. எள்ளல் நீங்கியதால் சட்டத்தின் மீதான ஐயமும் நீங்கியது. 1990இல் ‘ஜட்ஜ் டிரெட் மெகசின்’ இதழின் தொடக்க எண்களில் வாக்னர் எழுதி, காலின் மாக்நீல் வரைந்த ‘அமெரிக்கா’ என்னும் கதையில் நீதிபதிகளே கொடியோர். குடியாட்சி கோரும் இளம்பெண் அமெரிக்கா ஹாரா அவர்களால் மாய்கிறாள். வாசகன் டிரெட்டைக் கண்டு அஞ்ச வேண்டியவனாகிறான். ‘இறை’ என்ற நிலைக்களனைச் சித்திரக்கதை இறுதிவரை கொண்டுசென்றது எனலாம். படமோ பாதிவழியில் நிற்கிறது. மா-மாவிடம் விலைபோன நீதிபதிகள் நால்வர் இடையில் நுழைந்தபின், தீமை சட்டத்தினுடையதன்று, விலைபோனோருடையது என்று கதை தன்னைத் தேற்றிக்கொள்கிறது. இறையச்சம் கள்வரச்சத்தினுள் கரைகிறது. படத்தின் பெருங்குறை இதுவே. கதை சிறிது என்பதோ வன்முறை மிகை என்பதோ அன்று.

2013இல் தொடர்ச்சிப் படம் கோரி அன்பர்கள் இயக்கம் நடத்தினர். விண்ணப்பத்தில் பல பத்தாயிரவர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாளை ‘டிரெட் நாள்’ எனக் குறித்து, அன்று அனைவரும் படத்தை வாங்கவோ பார்க்கவோ வேண்டுமெனத் திட்டமிட்டனர். சித்திரக்கதை இதழின் வெளியீட்டாளரும் துணை நின்றனர். பாராட்டின் வெளிப்பாடு வசூல் தொகையாக அமைய வேண்டும் என்று அன்பர்களே ஏற்றுக்கொண்டமை இதில் தெளிவாகிறது. ‘தோற்ற படம்’ என்ற தீர்ப்பை மறுத்தவர்கள், அத்தீர்ப்பை வழங்கிய அளவுகோலை மறுக்கவில்லை. அதே அளவுகோலில் கூடுதல் எண் காட்ட முயன்றனர். தொடர்ச்சிப் படம் வரவில்லை. படத்தின் உலகைத் தொடரும் கதை அவ்வாண்டே சித்திரக்கதையாக வந்தது.

வன்முறையின் பெயரால் இப்படத்தை எதிர்த்தோரும் போற்றியோரும் கூர்ந்து நோக்காத காட்சி ஒன்றுண்டு. நீதிபதிகளைக் கொல்லும் பொருட்டு மா-மாவும் ஆட்களும் சுழல்துப்பாக்கிகள் மூன்றினைக் கொண்டு எதிர்ப்புறத் தளம் முழுவதையும் சல்லடையாக்குகின்றனர். சுவர்கள் துகளாகின்றன, சுவர்களுக்குப் பின்னிருந்த குடிகள் வீழ்கின்றனர். இங்கே காலம் நூறில் ஒரு பங்காய்க் குறைவதில்லை. குருதித்துளி ஒளிபட்டு மிதப்பதுமில்லை. புழுதியில் உருவங்கள் சாய்வது மட்டும் தெரிகிறது. மா-மாவின் இறுதி வீழ்ச்சிக்கோ, அவளுக்கு அம்மருந்தைப் புகட்டி உச்சித் தளத்திலிருந்து எறியும்போது, படத்தின் மிக நீண்ட, மிக அழகிய மெதுகாட்சி வழங்கப்படுகிறது. அவள் முகத்தை அருகிலிருந்து பார்க்கிறோம். அதில் வியப்பையும் காண்கிறோம். எதிர்ப்புறத் தளத்துக் குடிகளின் முகத்தைக் காணப் படம் நிற்பதில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட அன்பர்களும், கடுமை மிகுந்ததென அரங்கிலிருந்து எழுந்து சென்றோரும், அத்தளத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்று கேட்டதாகத் தெரியவில்லை.